மாரி இருட்டுக்கு எந்த டோர்ச்? லூமனைப் பார்க்காதீர்கள், பற்றரியைப் பாருங்கள்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் வீடு, வீட்டில் அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும், போன மாரியில் கரண்ட் போன இரண்டாம் இரவே சார்ஜ் லைட் அணைந்துவிட்டது, அதனால் பெட்டியில் "20,000 லூமன்" என்று போட்ட பெரிய டோர்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதை வாங்கினால் வீட்டுக்கும் அவசரத்துக்கும் போதுமா?

போதாது தம்பி, அதை வாங்க வேண்டாம். ஒரு பெரிய டோர்ச்சுக்குப் பதிலாக இரண்டு நடுத்தர டோர்ச் வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு வகைப் பற்றரியில் எரிய வேண்டும். ஒன்று யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் கை டோர்ச். மற்றது எந்தக் கடையிலும் கிடைக்கிற ஏ.ஏ. அல்லது ஏ.ஏ.ஏ. பற்றரி போடும் தலை டோர்ச். ஒன்று நின்றால் மற்றது எரியும். வருடக்கணக்காக டோர்ச்சும் சார்ஜ் லைட்டும் றேடியோவும் திருத்துகிறவன் என்பதால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 20,000 லூமன். லூமன் என்பது ஒரு விளக்கு தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. இன்றைய நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும், மிக நல்லது 150 வரை போகும். அப்படியானால் 20,000 லூமனுக்குக் குறைந்தது 130 வாட், சாதாரணமாக 200 வாட் வேண்டும். 200 வாட்டைக் கைக்குள் அடங்குகிற அலுமினியக் குழாய் ஒன்றுக்குள் விட்டால் அது சில நொடிகளிலேயே பிடிக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடும், உள்ளே இருக்கிற ஒற்றைப் பற்றரியால் அவ்வளவு மின்சாரத்தைக் கொடுக்கவும் முடியாது. அந்த மாதிரி டோர்ச்சுகள் மேசைக்கு வரும்போது திறந்து அளந்தால் உள்ளே ஓடுவது நாலைந்து வாட்தான், அதாவது சில நூறு லூமன். சில நூறு லூமன் கெட்டதில்லை, வளவைச் சுற்றிப் பார்க்க அதுவே தாராளம். ஆனால் முதல் எண்ணிலேயே பொய் சொன்னவன் பற்றரியிலும், தண்ணீர் போகாது என்ற வாக்கிலும் உண்மை சொல்லியிருப்பான் என்று நம்பிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

உண்மையான எண் எது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 2009இல் டோர்ச்சுகளுக்கென்றே ஆன்சி எஃப்எல்1 என்று ஒரு தர அளவு கொண்டுவந்தார்கள். அதன்படி அளந்த கம்பனி பெட்டியில் சின்னச் சின்னப் படங்களோடு நாலைந்து எண்களைப் போட்டிருக்கும்: எத்தனை லூமன், எத்தனை மணித்தியாலம் எரியும், எத்தனை மீற்றர் தூரம் போகும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று. அந்தப் படங்கள் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எரியும் நேரம் என்று போடுவது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். லூமனை அளப்பது போட்டு அரை நிமிடம் ஆன பிறகு. ஆகவே "1000 லூமன், 3 மணித்தியாலம்" என்று இருந்தால் மூன்று மணித்தியாலமும் 1000 லூமன் எரியும் என்று எடுக்கக் கூடாது. சூடு ஏறாமல் இருக்க நல்ல டோர்ச்சே சில நிமிடங்களில் தானாக 300, 400க்கு இறங்கிவிடும். இது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சரி, எங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? மார்கழியில் மட்டக்களப்பில் ஐந்தேமுக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், விடிய ஆறு கடந்துவிடும், மழை முகில் மூடியிருந்தால் இன்னும் மோசம். ஒரு இரவுக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஆனால் அது நேரம் சொல்லி வெட்டியது, இடையில் வந்து போனது, சார்ஜ் போட வழி இருந்தது. வெள்ளமும் காற்றும் அப்படி இல்லை. 2011 தை மாத வெள்ளத்தையும் 2025 கார்த்திகைக் கடைசியில் வந்த டிட்வா புயலையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும், 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். கம்பம் விழுந்தால், வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால், லைன் திருத்துகிறவர்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குள் வரவே நாள் பிடிக்கும். அதனால் நான் எப்போதும் மூன்று இரவுக்குக் கணக்குப் போடச் சொல்வேன்.

மூன்று இரவு, ஏறக்குறைய 38 மணித்தியாலம். இப்போது பற்றரிக்கு வருவோம். 18650 என்று ஒரு லித்தியம் பற்றரி இருக்கிறது, 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம், பெயரே அந்த அளவிலிருந்து வந்ததுதான். நல்லது ஒன்றில் 3500 மில்லி அம்பியர் மணி இருந்தால் 12, 13 வாட்‑மணி சக்தி இருக்கும். வாட்டுக்கு 100 லூமன் என்றால் மொத்தம் ஏறக்குறைய 1200 லூமன் மணி, அதாவது லூமனையும் எரிகிற மணித்தியாலத்தையும் பெருக்கினால் வருவது. இதை ஒரு தண்ணீர்த் தாங்கி என்று நினையுங்கள், லூமன் என்பது குழாயை எவ்வளவு திறக்கிறீர்கள் என்பது. 1000 லூமனில் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் தாங்கி காலி. 30 லூமனில் விட்டால் 40 மணித்தியாலம், உள்ளே வீணாகிறதைக் கழித்தாலும் 30க்குக் குறையாது. 30 லூமன் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் பழைய இரண்டு பெரிய பற்றரி போட்ட பல்ப் டோர்ச் தந்ததே அவ்வளவுக்குள்தான், அதை வைத்துத்தான் எங்கள் அப்பாமார் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போய் வந்தார்கள். அறைக்குள் பிள்ளைக்குப் பால் கரைக்க, அம்மாவைக் கக்கூசுக்குக் கூட்டிப் போக, மருந்துப் பெட்டி தேட 10 லூமனே போதும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரு லூமன்கூட வழி காட்டும். நள்ளிரவில் 1000 லூமனைச் சுவரில் அடித்தால் அந்தப் பழக்கமெல்லாம் ஒரு நொடியில் போய்விடும், வெளியே வந்தால் படி தெரியாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதன் ஆகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு, அதில் எத்தனை மணித்தியாலம் எரியும் என்பதுதான். கூடிய, குறைந்த என்று இரண்டே நிலை உள்ள டோர்ச்சில் அந்தக் குறைந்ததும் கண்ணைக் கூசவைத்தால் விட்டுவிடுங்கள். அழுத்த அழுத்த கூடியது, குறைந்தது, பிறகு மின்னி மின்னி எரிவது என்று சுற்றிச் சுற்றி வருகிறதும் வேண்டாம். அவசரத்தில் அம்மா கையில் எடுத்தால் ஒருதரம் அழுத்தினதும் எரிய வேண்டும், திரும்ப அழுத்தினதும் அணைய வேண்டும். கடையிலேயே அம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். விரல் வலு குறைந்தவர்களுக்குச் சில டோர்ச்சின் பின்பக்க ரப்பர் சுவிச் அழுத்தவே கஷ்டம்.

பற்றரிதான் இந்த முழு விஷயத்தின் உயிர், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

18650இல் போலி நிறைய. பற்றரியில் 9900 என்றோ 6800 என்றோ போட்டிருந்தால் யோசிக்கவே தேவையில்லை, அது பொய். சாம்சங், எல்ஜி, பானசோனிக் போன்ற பெரிய கம்பனிகளின் செல்லே அந்த அளவில் 3500ஐ ஒட்டித்தான் நிற்கிறது. கையில் நிறுத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராமுக்கு மேலே இருக்கும், நகை நிறுக்கிற தராசு பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை. 30 கிராமில் இருப்பவற்றில் ஒரு நல்ல செல்லின் அரைவாசிச் சக்தியும் இராது. இன்னும் பெரிய அளவு வேண்டுமென்றால் 21700 என்று இருக்கிறது, 5000 மில்லி அம்பியர் மணி அளவு வரும், அது போடுகிற டோர்ச் கொஞ்சம் தடிப்பு. இந்தப் பற்றரிகளைத் தனியாகச் சாவிக் கொத்தோடு பொக்கற்றில் போடாதீர்கள், இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கிற அளவுக்குச் சூடாகும். மேலே சுற்றியிருக்கிற பிளாஸ்ரிக் கிழிந்திருந்தாலும், செல் ஊதியிருந்தாலும் பாவிக்க வேண்டாம். மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம், சீமெந்துத் தரையில் வைத்துப் போடுங்கள்.

ஏ.ஏ. பற்றரியின் பெரிய நன்மை, அது எங்கும் கிடைக்கும். வீதியோரச் சின்னக் கடையிலும் கிடைக்கும், இடைத்தங்கல் முகாமாகிற பாடசாலைக்கு முன்னாலும் யாராவது விற்பார்கள், சுவர் மணிக்கூட்டிலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் கழற்றிப் போடலாம். அதன் பெரிய தீமை, உள்ளே விட்டுவைத்தால் ஊறி வடியும். விலை குறைந்த சாதாரணப் பற்றரியின் வெளிக்கூடு நாகம், அந்த நாகமே பாவிக்கப் பாவிக்கக் கரைகிறது, கரைந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். அல்கலைன் என்று போட்ட விலை கூடினதும் வடியும், வெள்ளையாகப் பூத்து நிற்கும். தை பிறந்ததும் எங்கள் மேசைக்கு வருகிற "எரியாத டோர்ச்"சுகளில் மிகப் பெரும்பகுதி இப்படி வடிந்து ஸ்பிரிங்கை அரித்தவைதான், சுவிச்சோ எல்.ஈ.டி.யோ பழுதானவை கொஞ்சம்தான். அல்கலைன் வடிந்த வெள்ளைப் பூப்பாக இருந்தால் பஞ்சில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல டோர்ச் பிழைத்துக்கொள்ளும். கையில் படாமல் செய்யுங்கள், அது தோலை அரிக்கும்.

இதற்கு நல்ல வழி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற ஏ.ஏ. பற்றரி. அதிலும் எனலூப் மாதிரி, சார்ஜைப் பிடித்துவைக்கிற வகை. 2005இல் ஜப்பானில் சன்யோ கொண்டுவந்தது, இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது, வேறு கம்பனிகளும் அதே வகை செய்கின்றன. பழைய சார்ஜ் பற்றரி மேசை லாச்சியில் கிடந்தாலே சில மாதத்தில் காலியாகிவிடும், இது ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பகுதியை வைத்திருக்கும், அல்கலைன்போல வடிவதும் மிக அரிது. 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும், சாதாரணப் பற்றரியில் 1.5 என்று இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்.ஈ.டி. தலை டோர்ச்சுகள் பெரும்பாலும் இதில் நன்றாகவே எரியும். ஒன்று மட்டும்: புதுசையும் பழசையும், சார்ஜ் வகையையும் சாதாரண வகையையும் ஒரே டோர்ச்சில் கலந்து போடக் கூடாது. பலம் குறைந்ததை மற்றது தள்ளித் தள்ளிக் கெடுத்துவிடும், வடிவதும் அப்படித்தான் தொடங்கும்.

இனி உங்கள் வீட்டில் இரண்டாம் இரவு அணைந்துபோன அந்தச் சார்ஜ் லைட். கரண்டில் நேராகச் செருகும் பெரிய பிளாஸ்ரிக் லைட் என்றால், வாங்கிச் சில வருடம் ஆகியிருந்தால், உள்ளே இருப்பது அனேகமாக ஈயப் பற்றரி, 4 வோல்ட் அல்லது 6 வோல்ட். ஈயப் பற்றரிக்கு ஒரு குணம் உண்டு: காலியாகக் கிடந்தால் செத்துவிடும். உள்ளே தகட்டில் ஒரு உப்பு இறுகிப் படியும், பிறகு எத்தனை மணித்தியாலம் சார்ஜ் போட்டாலும் ஏறாது, ஏறியதுபோலப் பச்சை விளக்கு காட்டிவிட்டு அரை மணித்தியாலத்தில் மங்கும். மாரி முடிந்ததும் அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்து அடுத்த மாரிக்கு இறக்குகிற வீடுகளில் இது நடக்காமல் இருக்காது. மறுபக்கம், எப்போதும் சுவரில் செருகியே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைந்த லைட்டில் நிறைந்ததும் நிறுத்துகிற ஒழுங்கு இல்லை, அதனால் உள்ளே நீர் வற்றி அதுவும் சாகும். மாதத்தில் ஒருமுறை, பெட்டியில் சொன்ன மணித்தியாலம் மட்டும் சார்ஜ் போட்டுக் கழற்றுவதுதான் சரி.

இன்னொரு ஆபத்தும் அதில் இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். டோர்ச்சின் உடம்பிலேயே பிளக் முள் மடித்து வைத்திருக்கும், சுவரில் நேரே செருகுகிற வகைகள் பலவற்றுக்குள் ட்ரான்ஸ்போமர் இல்லை. 230 வோல்ட் கரண்ட் ஒரு சின்ன கெப்பாசிற்றர் வழியாக நேராகவே பற்றரிக்கு வருகிறது. செருகியிருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் அது சுவர்க் கரண்டைத் தொடுவதுதான். வெடித்த கூடு, நனைந்த உடம்பு, ஈரக் கை, இவற்றோடு அதைச் சார்ஜில் போடவோ சார்ஜில் இருக்கும்போது போட்டுப் பார்க்கவோ கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஆவதையே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அது 5 வோல்ட், போன் சார்ஜரில் வரும், பவர் பேங்கிலும் வரும், உழவு மெஷின் பற்றரியிலிருந்தும் கார் சார்ஜர் ஒன்றை வைத்து எடுக்கலாம்.

யூஎஸ்பி‑சி டோர்ச் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சில டோர்ச்சுகள் பழைய தட்டை முனையிலிருந்து சி முனைக்கு வருகிற வயரில் மட்டும்தான் சார்ஜ் ஆகும், இரண்டு பக்கமும் சி முனை உள்ள புது போன் வயரில் ஏறவே ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்ரரைப் போடாமல் விட்டதுதான் காரணம். டோர்ச்சைக் குறை சொல்லித் தூக்கி எறியாமல் பழைய வகை வயர் ஒன்றை அதோடு கட்டி வையுங்கள். "பவர் பேங்காகவும் பாவிக்கலாம்" என்று எழுதியிருந்தால் பெரிதாக நம்ப வேண்டாம், ஒரு 18650இல் இருப்பது இன்றைய போன் ஒன்றுக்கு அரைச் சார்ஜ் சொச்சம்தான். முதுகில் சின்ன சோலார் தகடு ஒட்டிய டோர்ச்சும் அப்படி. அந்த அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே நாள் முழுக்க வைத்தால் கொஞ்சம்தான் ஏற்றும், எங்களுக்கு அது தேவைப்படுகிற கிழமையிலோ வானம் திறப்பதே இல்லை.

வெளிச்சம் விழுகிற விதத்துக்கு வருவோம். தூரம் போகிற ஒடுங்கிய வெளிச்சம், பக்கத்தில் பரவுகிற அகன்ற வெளிச்சம், இரண்டும் வேறு வேலைக்கு. வீட்டுக்கும் வெள்ளத்தில் நடக்கவும் அகன்றதுதான் வேண்டும், கால் வைக்கிற இடமும் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஆனால் உங்கள் பக்கம் ஆனை வருகிற இடம். வட்டையில் காவலுக்குப் போகிறவர்கள், படலையைத் திறக்குமுன் வளவுக்கு அப்பால் பார்க்க வேண்டியவர்கள் தூரம் போகிற டோர்ச் ஒன்று வைத்திருப்பது நியாயம். அதற்குப் பெட்டியில் கண்டெலா என்ற எண்ணைப் பாருங்கள், வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது அது. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீற்றரில் வரும்: 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர், 40,000 என்றால் 400. ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது நிலா வெளிச்சம் அளவுதான், இருட்டில் கறுத்து நிற்கிற ஆனையை அதில் பிரித்தறிய முடியாது. நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒன்று என்று எடுங்கள். 200 மீற்றர் போட்ட டோர்ச்சை நம்பி 150 மீற்றரில் ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்து இறங்காதீர்கள். பார்ப்பதற்காகத்தான் டோர்ச், கண்டதும் திரும்பி வர வேண்டும், கிட்டப் போய் முகத்தில் அடித்துத் துரத்தலாம் என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம்.

பாம்புக்கும் வெளிச்சத்தின் நிறம் முக்கியம், இதைப் பலர் யோசிப்பதில்லை. வெள்ளம் ஏறினால் பாம்பும் மேட்டைத் தேடித்தான் வரும், விறகுக்குள், குசினி மூலைக்குள், படிக்கட்டில். கண்ணாடி விரியன் காய்ந்த இலை நிறம். மலிவு டோர்ச்சின் நீலம் கலந்த வெள்ளையில் மண்ணும் இலையும் பாம்பும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின் வரை போட்டிருந்தால் கொஞ்சம் மஞ்சள் சேர்ந்த வெள்ளை, அதில் மண்ணிறங்கள் பிரிந்து தெரியும். 6500 என்றால் நீல வெள்ளை. நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதைக் காட்டுகிற சிஆர்ஐ என்று ஒரு எண்ணும் போட்டிருந்தால் 90க்கு மேலே உள்ளதை எடுங்கள். கொஞ்சம் லூமன் குறையும், குறைந்தால் குறையட்டும்.

தலை டோர்ச்சை நான் இவ்வளவு வற்புறுத்துவது கைகளுக்காக. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் தடியோ அம்மாவின் கையோ இருக்கும்போது டோர்ச்சை எங்கே பிடிப்பது? கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் போனை வைத்துக்கொண்டு நடந்தவர்கள் அந்தப் போனைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார்கள். தலை டோர்ச்சில் ஒரு குறை, பெருமழையில் வெளிச்சம் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் விழுகிற துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி வரும், முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஒன்றும் தெரியாது. அப்போது அதைக் கழற்றி இடுப்பில் கட்டுங்கள் அல்லது கழுத்தில் தாழத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் கண்ணுக்குக் கீழேயிருந்து போனால் துளியின் கூச்சம் குறைந்து நிலம் தெரியும்.

தண்ணீர் தாங்கும் அளவு: ஐபிஎக்ஸ்4 என்றால் மழைச் சாரல் பட்டால் பரவாயில்லை என்ற அளவு. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் போகாது. ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல். எங்கள் ஊருக்கு 7க்குக் குறைய வாங்காதீர்கள். முன்பக்கத்தை இழுத்துத் தள்ளி வெளிச்சத்தை ஒடுக்கி விரிக்கிற வகை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த இழுக்கிற இடத்தாலேயே தண்ணீரும் உப்புக் காற்றும் உள்ளே போகும். கல்லடி, நாவலடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளம் வராத காலத்திலும் உப்புக் காற்று வேலை செய்துகொண்டே இருக்கும், ஸ்பிரிங் துருப்பிடித்து, டோர்ச்சைத் தட்டினால் எரியும், விட்டால் அணையும் என்ற நிலைக்கு வந்துவிடும். பின் மூடியைக் கழற்றி, மரையையும் தொடுமிடங்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் துளி தடவினால் வருடங்கள் உழைக்கும். வாஸ்லின் வேண்டாம், சிலவகை ரப்பர் அதில் ஊதிவிடும். அப்புறம், சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் பெட்டியில் போட்ட எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

வீட்டுக்குள் ஒரு அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் டோர்ச்சை மேலே பார்க்க நிமிர்த்தி வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெள்ளை சீலிங் உள்ள வீட்டுக்கு அது சரி. ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் வெளிச்சம் மேலே போய் அங்கேயே நின்றுவிடும், கீழே வராது. எங்களுக்கு வெள்ளைச் சுவர்தான் வேண்டும், ஒரு முழத் தூரத்திலிருந்து அதில் விழும்படி சாய்த்து வையுங்கள், அல்லது பால் நிறப் பிளாஸ்ரிக் கேன் ஒன்றுக்கு அடியில் வையுங்கள், அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும்.

குப்பி விளக்கைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கொளுத்தவே வேண்டாம். நிலத்தில் வைத்த விளக்கு தட்டுப்பட்டு மண்ணெண்ணெய் சிந்திப் பற்றுவதால் இந்த நாட்டில் எவ்வளவோ பேர் எரிந்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் சரிந்தாலும் உருளாத, திருகு மூடி போட்ட குள்ளமான விளக்கு ஒன்றைச் செய்து பரப்பினார், 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. இப்போது ஒரு சின்ன எல்.ஈ.டி. டோர்ச் இருக்கும்போது நுளம்பு வலைக்குப் பக்கத்தில் நெருப்பு எதற்கு? போன் டோர்ச்சையும் வெளிச்சமாக நினைக்க வேண்டாம். அந்தச் சார்ஜ், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அம்புலன்ஸ் 1990க்கும் எடுக்க வேண்டியது.

தோணியில் வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டி வந்தால், சின்னதாக மூன்று தரம், நீளமாக மூன்று தரம், திரும்பச் சின்னதாக மூன்று தரம் என்று வெளிச்சத்தைக் கையால் மறைத்து மறைத்துக் காட்டினாலே போதும், அது உதவி கேட்பது என்று பலருக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும் கூடிய வெளிச்சத்தைப் பாவியுங்கள்.

இனி உங்களுக்கென்று சொல்வது. கை டோர்ச் ஒன்று: 18650 அல்லது 21700 பற்றரி, கழற்றி மாற்றக்கூடியது, யூஎஸ்பி‑சி, ஐபிஎக்ஸ்7க்குக் குறையாதது, 10 முதல் 30 லூமனுக்குள் ஒரு நிலை உள்ளது. சொஃபிர்ன், கொன்வோய், ஃபெனிக்ஸ், நைட்கோர் போன்றவை எண்களைப் பெரும்பாலும் உண்மையாகப் போடுகிறவை. கொன்வோயில் சில மாடல்களுக்குச் சார்ஜர் தனியாக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலை டோர்ச் ஒன்று: ஏ.ஏ. அல்லது ஏ.ஏ.ஏ., பாரம் குறைந்தது, அதற்குச் சார்ஜ் செய்கிற பற்றரி இரண்டு சோடி. காசு மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மலிவு ஏ.ஏ. டோர்ச், கயிறு போட்டுக் கழுத்தில் தொங்க. பிள்ளையின் கையில் வெளிச்சம் இருந்தால் பிள்ளை பயப்படாது, எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

கச்சான் காற்று வீசுகிற சூட்டு மாதங்களில் லித்தியம் பற்றரியை அரைச் சார்ஜில் வையுங்கள், நிறைத்துச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் கிழடாகும். ஐப்பசி பிறந்ததும் நிறைத்துவிடுங்கள். மெல்லத் தொட்டாலே வேலை செய்கிற எலக்ட்ரோனிக் பொத்தான் சுவிச் உள்ள டோர்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றரியை உறிஞ்சும், அதனால் பின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள், தேவைப்படும்போது இறுக்கினால் எரியும். இதை அம்மாவுக்கும் காட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பழுது என்று நினைத்துவிடுவா. தலை டோர்ச்சின் பற்றரியைக் கழற்றிச் சின்ன உறையில் போட்டு அதன் பட்டியிலேயே கட்டுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில், படுக்கையிலிருந்து இருட்டில் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஆணியில் தொங்கவிடுங்கள். நிலத்தில் வைத்தால் முதல் தண்ணீரோடு போய்விடும்.

பழைய சார்ஜ் லைட்டை எறிய வேண்டாம். சார்ஜ் போட்டுக் கழற்றி ஒரு இரவு விட்டுவிட்டு மீற்றரில் அளந்து பாருங்கள். 4 வோல்ட் பற்றரி 4.1க்கு மேலே நின்றால் இன்னும் உயிர் இருக்கிறது, 3.8க்குக் கீழே இறங்கியிருந்தால் அதே அளவுப் பற்றரி ஒன்று வாங்கி மாற்றலாம், இரண்டு கம்பி ஈயம் வைக்கிற வேலைதான், லைட்டின் மற்றச் சாமானெல்லாம் அனேகமாக நன்றாகவே இருக்கும். கழற்றிய பழைய பற்றரியை வளவில் புதைக்காமல், கிணற்றடிப் பக்கம் போடாமல், பழைய இரும்பு எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.